குளிர்ந்த சோறும் நல்ல மீனும்: சென்னையில் ஒரு சுஷி மதியம்

காரைக்குடியில் எங்கள் வீட்டு மீன் தொண்டியிலிருந்து வருவது. வந்த ஒரு மணி நேரத்துக்குள் அது புளியிலும் மிளகாயிலும் கொதித்துக்கொண்டிருக்கும். அப்படிப்பட்ட வீட்டிலிருந்து நானூறு கிலோமீட்டர் பயணம் செய்து பச்சை மீன் சாப்பிட்டுவிட்டு வந்தோம் என்றால் தெருவில் யாரும் நம்பவில்லை. உண்மையில் நாங்கள் சென்றது அப்பத்தாவின் கண் பரிசோதனைக்காக. ஒரகடம் பக்கம் ஒரு ஜப்பானிய நிறுவனத்தில் வேலை பார்க்கும் சித்தப்பா மகள், தன் அலுவலகத்து ஜப்பானியர்களே விரும்பிப் போகும் இடம் என்று சொல்லி, மறுநாள் மதியம் எங்கள் நால்வருக்கும் நுங்கம்பாக்கத்தில் உள்ள ஒரு சுஷி உணவகத்தில் மேசை பதிவு செய்துவிட்டாள். ஒரே முறை சென்றதை வைத்து எழுதுவதாலும், குறை சொல்ல வேண்டியிருப்பதாலும், கடையின் பெயரை எழுதவில்லை.

மறுநாள் வெள்ளிக்கிழமை இல்லை என்பதை உறுதி செய்துகொண்ட பிறகே அப்பத்தா சம்மதித்தார். ஜப்பான் என்ற பெயர் அவருக்குப் புதிதன்று. எங்கள் வீட்டு முகப்புச் சுவரில் பதித்திருக்கும் பூ வேலைப்பாட்டு ஓடுகள், செட்டிநாட்டு வீடுகள் பலவற்றில் இருப்பவை போலவே, சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜப்பானிலிருந்து கப்பலில் வந்தவை. 1942இல் ஜப்பானியப் படை ரங்கூனைப் பிடித்தபோது பெட்டகத்துச் சாவியை மட்டும் இடுப்பில் முடிந்துகொண்டு ஊர் திரும்பியவர் அவருடைய தகப்பனார். ஆகவே “ஓடும் கொடுத்தான், ஓடவும் விட்டான், இப்போது சோறு போடுகிறானா, பார்ப்போம்” என்று சொல்லிக்கொண்டேதான் படியேறினார்.

கூடம் சிறியது, சுத்தமானது. உட்கார்ந்ததும் சூடான ஈரத் துண்டு தருகிறார்கள். கை கழுவும் இடம் எங்கே என்று தேட வேண்டியதில்லை என்பதால் அப்பத்தாவுக்கு அது முதல் நல்ல அடையாளமாகத் தெரிந்தது. சமையற்காரருக்கு எதிரே அமர்ந்து சாப்பிடும் மரப்பலகை வரிசை மதியத்தில் திறப்பதில்லை என்றார்கள். அதை நான் அப்போது பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். சுஷி என்பது பச்சை மீனின் பெயர் என்றுதான் நம்மில் பெரும்பாலோர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். வெறும் மீன் துண்டுகளுக்குப் பெயர் சஷிமி. அரிசி வினிகர், சர்க்கரை, உப்பு ஆகியவற்றைக் கலந்து பக்குவப்படுத்திய சோறு இருந்தால்தான் அது சுஷி. மீன் இல்லாமலும், வெள்ளரிக்காயையோ முட்டையையோ வைத்தும் சுஷி உண்டு. பழைய காலத்தில் மீனை உப்பிட்டுச் சோற்றுக்குள் மாதக்கணக்கில் புதைத்துப் புளிக்கவைத்து, சோற்றை எறிந்துவிட்டு மீனை மட்டும் உண்டார்கள். அந்தப் புளிப்பைக் காத்திராமல் பெறுவதற்காகத்தான் பிற்காலத்தில் வினிகர் வந்தது. கையால் பிடித்த சோற்றின்மேல் மீனை வைக்கும் நிகிரி, 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், இன்று டோக்கியோ எனப்படும் எடோ நகரத்தில், அவசரமாகச் சாப்பிடும் தெருக்கடைப் பண்டமாகப் பரவியது. எனவே ஒரு சுஷிக் கடையை எடைபோட வேண்டுமானால் முதலில் பார்க்க வேண்டியது சோற்றைத்தான்.

அந்தச் சோற்றில்தான் இந்தக் கடை தவறிவிட்டது. பன்னிரண்டு துண்டுகள் கொண்ட கலவைத் தட்டு 2,400 ரூபாய். மீன் துண்டுகள் பளபளவென்று வந்தன, ஆனால் அடியில் இருந்த சோறு குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்தது போலச் சில்லென்றும், நடுவில் விறைத்தும் இருந்தது. நிகிரியின் சோறு ஏறக்குறைய நம் உடற்சூட்டில் இருக்க வேண்டும் என்பதும், வாயில் வைத்ததும் பருக்கை பருக்கையாகப் பிரிய வேண்டும் என்பதும் அந்தத் தொழிலின் அரிச்சுவடி. வெந்த அரிசியைக் குளிரில் வைத்தால் அதன் மாவுச்சத்து மீண்டும் இறுகிவிடும். பழைய சோற்றில் தண்ணீர் ஊற்றி வைக்கும் நமக்கு இதை யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. ஜப்பானியக் குட்டை அரிசி ஒட்டும் தன்மை உடையது என்பதால், இறுகும்போது முழு உருண்டையும் ஒரே கட்டியாக ஆகிவிடுகிறது. அப்பத்தா ஒன்றை எடுத்து விரலால் அழுத்திப் பார்த்துவிட்டு, “கவுனி அரிசி ஆறினாலும் இப்படிக் கல்லாகாதே, தம்பி” என்றார். பர்மாவிலிருந்து வந்து நம் விருந்துப் பந்தியில் நிலைத்துவிட்ட அந்தக் கறுப்பரிசியோடு ஒப்பிடுவது முழுக்கப் பொருந்தாது. கவுனி இன்னும் அதிகப் பசையுள்ள வகை, தேங்காயும் சர்க்கரையும் சேர்ந்தது. ஆயினும் ஒட்டும் அரிசியின் பதம் அறிந்த கை சொன்ன தீர்ப்பு என்பதால் அதை மறுக்க எனக்கு மனம் வரவில்லை.

மீனைப் பற்றிக் குறை சொல்ல இடமில்லை. சால்மன் நார்வேயிலிருந்து விமானத்தில் வருவது. ஜப்பானியர்கள் தங்கள் கடலின் சால்மனை ஒட்டுண்ணிப் புழுவுக்கு அஞ்சிப் பச்சையாக உண்ணாமல் இருந்ததும், 1980களில் நார்வே நாட்டார் தங்கள் பண்ணை மீனை அங்கே கொண்டுபோய் விற்கத் தொடங்கிய பிறகே அது சுஷித் தட்டில் ஏறியதும் பலருக்கு வியப்பாக இருக்கும். பச்சையாகத் தரும் மீன்களை உறையவைத்து எடுக்கிறீர்களா என்று பரிமாறிய இளைஞரிடம் கேட்டேன். முகம் சுளிக்காமல் உள்ளே போய்க் கேட்டுவந்து, மைனஸ் 20 டிகிரியில் ஏழு நாள் வைத்த பிறகே எடுக்கிறோம் என்றார். புழுக்களைக் கொல்லப் பொதுவாகப் பரிந்துரைக்கப்படும் அளவும் அதுவே. சூரை மீன் துண்டு நல்ல சிவப்பு, நெடி இல்லை. எனினும் தட்டிலேயே மேலானது கானாங்கெளுத்திதான். உப்பில் புரட்டி, வினிகரில் ஊறவைத்து, தோலோடு நறுக்கிய அந்தத் துண்டில் இருந்த கொழுப்பும் புளிப்பும், மீனுக்குப் புளி சேர்த்தே பழகிய எங்கள் நாக்குக்கு உடனே பிடிபட்டன. நம் ஊரில் மலிவாகக் கிடைக்கிறது என்பதற்காகவே விருந்தில் வைக்கத் தயங்கும் மீன் அது.

அப்பத்தா பச்சை மீனைத் தொடவில்லை. அவருக்காக வெந்த இறால், இனிப்பு முட்டை, வாட்டிய விலாங்கு ஆகியவற்றைத் தனியாக வரவழைத்தோம். விலாங்கில் தடவியிருந்த இனிப்புச் சாறு அவருக்குப் பிடிக்கவில்லை. இறாலைப் பாராட்டினார். மேசையில் இருந்த பச்சை விழுதை நான் எச்சரிப்பதற்குள் சுண்டைக்காய் அளவு வாயில் போட்டுவிட்டு, கண்ணில் நீர் வழிய, “கடுகை அரைத்துச் சாயம் போட்டிருக்கிறான்” என்றார். அது ஏறக்குறைய உண்மை. அசல் வசாபிக் கிழங்கு விலை மிகுந்தது, துருவிய சில நிமிடங்களில் காரம் இறங்கிவிடுவது. ஆகவே பெரும்பாலான கடைகளில் குதிரை முள்ளங்கியும் கடுகும் பச்சை நிறமும் சேர்ந்ததே வசாபி என்று வருகிறது. அவர் ரசிக்காத மற்றொன்று, துண்டுகளுக்கிடையே செருகியிருந்த பச்சைப் பிளாஸ்டிக் இலை. மூங்கிலிலை போன்ற உண்மையான இலைகளின் இடத்தைப் பிடித்த பொருள் அது. வாழையிலை மலிந்த ஊரில் பிளாஸ்டிக்கில் இலை செய்து வைப்பானேன் என்று அவர் கேட்டதற்குப் பரிமாறியவரிடம் சிரிப்பைத் தவிர விடை இல்லை.

அந்த மதியத்தில் அவரை முழுதாக வென்றது, புளிக்கவைத்த சோயா விழுதைக் கரைத்துச் செய்யும் 220 ரூபாய் மிசோ சூப் ஒன்றுதான். கிண்ணத்தின் மூடியைத் திறந்து ஆவியை முகர்ந்தவர், “மாசிக் கருவாடு” என்றார். நானும் முகர்ந்தேன், அதே வாசம். ஜப்பானியர் தம் சாற்றுக்கு அடிப்படையாகக் கொள்வது, சூரை இனத்து மீனை வேகவைத்து, புகையில் வாட்டி, கட்டை போல உலர்த்திச் சீவிய கட்சுவோபுஷி. மாலத்தீவிலிருந்து நம் தென்கரைக்கு வரும் மாசியும் அதே மீனை வேகவைத்து, புகையூட்டி, காயவைத்துச் செய்வது. ஆயிரக்கணக்கான கல் தொலைவில் உள்ள இரண்டு சமையற்கட்டுகள் ஒரே மீனை ஒரே முறையில் கட்டையாக்கி வைத்திருப்பதை, எந்தப் புத்தகமும் இல்லாமல் மூக்கால் கண்டுபிடித்தவருக்கு இன்னொரு கிண்ணம் வரவழைத்தோம்.

பணியாளர்களைப் பற்றி நல்லதே சொல்லலாம். நிகிரியைக் கையால் எடுத்துச் சாப்பிடலாம், அது மரியாதைக் குறைவு ஆகாது என்று அவர்களே முன்வந்து சொன்னதால் குச்சிகளோடு போராடும் தொல்லை இல்லாமல் போயிற்று. சோயா சாற்றில் சோற்றை நனைக்காமல், துண்டைத் திருப்பி மீன் பக்கத்தை மட்டும் தொட்டு எடுக்கச் சொன்னதும் பயனுள்ள குறிப்பு. சோறு நனைந்தால் உதிர்ந்துவிடும், உப்பும் கூடிவிடும். கணக்குச் சீட்டில் மட்டும் பத்து விழுக்காடு சேவைக் கட்டணத்தைக் கேட்காமலே சேர்த்திருந்தார்கள். அப்படித் தானாகச் சேர்க்கக்கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் வழிகாட்டுதல் வெளியிட்டிருப்பதை நினைவூட்டியதும், வாதாடாமல் நீக்கிவிட்டார்கள். ஐந்து விழுக்காடு வரியுடன் நால்வருக்கும் சேர்த்து ஏழாயிரத்தைத் தாண்டியது. மீனுக்கு அது தகும், அந்தச் சோற்றுக்குத் தகாது.

ஊர் திரும்பிய வாரமே சித்தப்பா மகள் அலுவலக நண்பர்களோடு இரவு எட்டு மணிக்கு அதே கடைக்குப் போய் அந்த மரப்பலகையில் அமர்ந்திருக்கிறாள். சோறு இளஞ்சூட்டில், கையிலேயே உதிர்ந்துவிடுமோ என்னும்படி மென்மையாக இருந்ததாகத் தொலைபேசியில் சொன்னாள். தலைமைச் சமையற்காரர் மாலையில்தான் வருகிறாராம், சோறும் அப்போதுதான் புதிதாக வடிக்கப்படுகிறதாம். அப்படியானால் மதியத்துக்கு வருபவர்களிடம் ஏன் அதே விலை வாங்குகிறார்கள் என்று கேட்டேன். பல்லவன் ரயிலில் வந்து இறங்கி மதியம் மட்டுமே கையில் இருப்பவர்கள் சூப்பும் கானாங்கெளுத்தியும் வாங்கினால் போதும் என்பது அப்பத்தாவின் யோசனை.