மாடி அறைக்கு வைஃபை ஏறிய கதை: சில ஆண்டுப் பயன்பாட்டுக்குப் பின்

ஃபைபர் இணைப்பு கொடுக்க வருகிறவர், கேபிள் எந்தச் சுவர் வழியாக உள்ளே நுழைகிறதோ அங்கேயே ரூட்டரையும் மாட்டிவிட்டுப் போய்விடுவார். எங்கள் வீட்டில் அது கூடத்து மூலை, டிவிக்குப் பின்னால். நான் வேலை செய்யும் அறை மாடியில், மறுகோடியில். நடுவே இரும்புக் கம்பி கட்டிய கான்கிரீட் தளம், இரண்டு செங்கல் சுவர்கள், போதாக்குறைக்கு ஆளுயர பீரோ ஒன்று. கீழே வாங்கிய 100 எம்பிபிஎஸ் முழுதாக வரும். மாடியில் வீடியோ கூட்டத்தில் பேசுகிறவர் பாதிச் சொல்லில் உறைந்து நிற்பார்.

வாடிக்கையாளர் சேவையில் பேசியவர் அதிக வேகத் திட்டத்துக்கு மாறச் சொன்னார். குழப்பமே இங்கேதான். கேபிளில் வந்து இறங்குவது ஒரு வேகம், சுவர் தாண்டி மேசைக்கு வந்து சேர்வது வேறு வேகம். முன்னதற்கு எவ்வளவு பணம் கட்டினாலும் பின்னது அசையாது.

சிக்னல் வலுவை டிபிஎம் அளவில் காட்டும் இலவசச் செயலிகள் இருக்கின்றன. எண் மைனஸில் வரும்: −50 என்றால் அருமை, −67 வரை வீடியோ அழைப்புக்குக் குறையில்லை, −80 என்றால் இணைப்பு பெயருக்குத்தான். என் மேசையில் −80ஐ ஒட்டியே நின்றது. ரூட்டரை மாடிப்படி ஓரம் தலை உயரத்துக்கு மாற்றியதுமே நல்ல முன்னேற்றம். படிக்கட்டின் திறப்பில் தளம் குறுக்கே வருவதில்லை. செலவு, கொஞ்சம் கேபிளும் ஒரு ஆணியும்.

அடுத்தது அலைவரிசை. 2.4 கிகாஹெர்ட்ஸ் சுவர்களைத் தாண்டுவதில் கெட்டி, ஆனால் தெருவே அதில்தான் இருக்கிறது. அதற்குள் எண்ணிட்ட தடங்களாகப் பிரித்த சேனல்களில் ஒன்றோடொன்று மோதாதவை 1, 6, 11 மட்டுமே. மைக்ரோவேவ் அடுப்பும் ஏறக்குறைய இதே அலைவரிசையில்தான் இயங்குகிறது. 5 கிகாஹெர்ட்ஸில் நெரிசல் குறைவு, வேகம் அதிகம், சுவரைக் கண்டால் சோர்ந்துவிடும்.

அந்த 5 கிகாஹெர்ட்ஸில்தான் எனக்கு நெடுநாள் புரியாத ஒரு தொல்லை இருந்தது. சிக்னல் முழுதாக இருக்கும்போதே திடீரென்று இணைப்பு அறுந்து, ஓரிரு நிமிடத்தில் தானாகத் திரும்பும். ரூட்டரின் பதிவேட்டைத் திறந்தபோது, ராடார் தென்பட்டதாக ஒரு குறிப்பு. 52 முதல் 144 வரையிலான சேனல்களை ராடார்களோடு பகிர்ந்துகொள்ள வேண்டும். ராடார் போல எதையாவது உணர்ந்தால் ரூட்டர் உடனே சேனலைக் காலிசெய்துவிடும். அது உண்மையான ராடாரா, ரூட்டரின் வீண் சந்தேகமா, யாருக்குத் தெரியும்? சேனலின் தானியங்கித் தேர்வை நீக்கி, இந்தப் பட்டியலுக்கு வெளியே உள்ள 36ஆம் சேனலில் நிலைநிறுத்தியபின் அந்தத் தொல்லை தலைகாட்டவில்லை.

மாடிக்கு முதலில் வைத்தது உறவினர் கொடுத்த ரிப்பீட்டர், அதாவது வைஃபை சிக்னலை வாங்கி மேலும் தூரத்துக்கு அனுப்பும் கருவி. ஒரே ரேடியோவில் வாங்கி, அதிலேயே திருப்பி அனுப்பும் வகை. வேகம் பாதியாகக் குறைந்தது. எல்லாப் புள்ளிகளும் நிரம்பிய சிக்னலைக் காட்டிக்கொண்டே பக்கம் திறக்காமல் வெறுப்பேற்றும் கருவி அது. கடைசியில் எலக்ட்ரீஷியனை வைத்து, மின்கம்பிக் குழாயில் சேர்க்காமல் தனிக் குழாயில் கேட்-6 என்னும் நெட்வொர்க் கேபிளை ரூட்டரிலிருந்து மேலே இழுத்து, அதன் முனையில், கேபிளில் வரும் இணையத்தை வைஃபையாகப் பரப்பும் சாதாரண ஆக்சஸ் பாயின்ட் ஒன்றை மாட்டினேன். செய்ததிலெல்லாம் உருப்படியானது இதுதான். விலை உயர்ந்த புது ரூட்டரை விட அந்தக் கேபிள் மேல். மின்வெட்டுக்கு ரூட்டர், ஃபைபர் பெட்டி, ஆக்சஸ் பாயின்ட் மூன்றுமே இன்வெர்ட்டரில் இருக்க வேண்டும். ஒன்று விட்டுப்போனாலும் பயனில்லை.

இன்னும் தீராதது ஒன்று உண்டு. மாடி ஏறிய பிறகும் கைபேசி கீழ் ரூட்டரின் மெலிந்த சிக்னலையே விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும். எப்போது மாறுவது என்பதைப் பெரும்பாலும் கைபேசிதான் முடிவுசெய்கிறது. கீழ் ரூட்டரின் அலைவலுவைக் குறைத்தால் இது சரியாகும், குறைத்தேன், சரியானது. ஆனால் கொல்லைப்புறத்தில் அம்மாவின் கைபேசியில் சீரியல் நின்றுவிட்டது. அன்று மாலையே பழைய அளவுக்கு ஏற்றிவிட்டேன்.