கொழிஞ்சாம்பாறையில் துருவப் பாசிகள்: நானோபோர் சீக்குவென்சரோடு ஆறு வருஷம்

உள்ளங்கையில் அடங்குகிற நானோபோர் டிஎன்ஏ சீக்குவென்சர் ஒன்றை 2019-லிருந்து பயன்படுத்தி வருகிறேன். அதில் நான் படிப்பது அண்டார்ட்டிகாவிலிருந்தும் ஆர்க்டிக்கிலிருந்தும் வரும் பாசிகளை. நான் இருப்பது பாலக்காட்டுக்குக் கிழக்கே, கொழிஞ்சாம்பாறைப் பக்கம். வீட்டில் தமிழ், ஆபீஸ் காகிதத்தில் மலையாளம். ஏப்ரலில் வெயில் 40 டிகிரியைத் தொடுகிற ஊர். நான் துருவத்துக்குப் போனதில்லை. போய் வருகிறவர்கள் கொடுக்கும் மாதிரிகள்தான் என் ஆய்வுக்கூடத்துக்கு வருகின்றன: அண்டார்ட்டிகாவில் இந்தியாவின் மைத்ரி நிலையம் இருக்கும் ஷிர்மாக்கர் பாலைச்சோலையின் ஏரிகளில் படிந்த பாசிப் படலங்கள், ஆர்க்டிக்கின் ஸ்வால்பார்டில் வடிகட்டிய செம்பனி, அதாவது பாசியால் சிவந்த பனி. இந்தக் கருவியை வாங்கலாமா என்று கல்லூரி ஆசிரியர்கள் பலர் கேட்கிறார்கள். ஒரு வரியில் பதில் சொல்ல முடியாததால்தான் இதை எழுதுகிறேன்.

கருவியின் வேலை இதுதான். ஃபுளோ செல் என்கிற சின்னத் தட்டில் ஒரு சவ்வு, அந்தச் சவ்வில் புரதத்தாலான நுண்துளைகள், துளைகள் வழியே மின்னோட்டம். டிஎன்ஏ இழை ஊசிக்காதில் நூல் போல நுழையும்போது, துளைக்குள் எந்த எழுத்துகள் இருக்கின்றனவோ அதற்கேற்ப மின்னோட்டம் ஏறி இறங்கும். அதைப் பார்த்து லேப்டாப் ஏ, சி, ஜி, டி என்று எழுதிக்கொண்டே போகும். பாசிகளை இனம் காண முழு ஜீனோமையும் படிக்க வேண்டியதில்லை. 18எஸ் ஆர்ஆர்என்ஏ மரபணுவைப் பிசிஆரில் பெருக்கிப் படித்தால், தரவுத்தளத்தோடு ஒப்பிட்டு எந்தக் குடும்பம், எந்தப் பேரினம் என்று சொல்லிவிடலாம். நீலப்பச்சைப்பாசிகளுக்கு 16எஸ்.

நீளமாகப் படிப்பதுதான் இதன் பெரிய பலம். வெளி ஆய்வகங்களுக்கு அனுப்பினால் பெரும்பாலும் 18எஸ்-ல் வி4 என்கிற துண்டை மட்டும், சுமார் 400 எழுத்து, படித்துத் தருவார்கள். 18எஸ் முழுசாக 1800 எழுத்துக்குப் பக்கம். அதை ஒட்டியிருக்கும் ஐடிஎஸ் பகுதியையும் சேர்த்து ஒரே இழையாக என்னால் படிக்க முடிகிறது. பனிப்பாசிகளில் இனத்துக்கு இனம் வித்தியாசம் தெரிவது அந்த ஐடிஎஸ்-ல்தான். செம்பனிப் பாசிகளில் சில இரண்டு துருவங்களிலும் இருக்கின்றன என்று 2018-ல் காட்டிய ஆய்வும் ஐடிஎஸ்2-வை வைத்தே அதைச் சொன்னது. வி4-ஐ மட்டும் பார்த்திருந்தால் நெருங்கிய உறவுகள் எல்லாம் ஒன்றாகவே தெரிந்திருக்கும்.

பிழை விஷயம் பலரும் பயப்படுகிற அளவுக்கு இப்போது இல்லை. ஆரம்பத்தில் 100 எழுத்துக்கு ஐந்துக்கு மேல் தப்பு வந்தது. புதிய தலைமுறை ஃபுளோ செல்லில் அது ஒன்றை ஒட்டி வந்துவிட்டது. ஒரே எழுத்து வரிசையாக ஏழெட்டு முறை வரும் இடங்களில் மட்டும் இன்னும் கவனமாக இருக்கிறேன்.

வெயில் வேறு கதை. ஓடும்போது ஃபுளோ செல் 34 டிகிரி அளவில் இருக்க வேண்டும். ஐஸ்லாந்தின் வட்னயோகுல் பனிமுடியைக் கடந்த ஒரு குழு, கரண்டே இல்லாமல் சூரிய மின்சாரத்தில் பனி மேலேயே நுண்ணுயிர்களின் டிஎன்ஏவைப் படித்து 2019-ல் வெளியிட்டது. அவர்களுக்குக் கருவியைச் சூடாக வைத்திருப்பது பாடு. எனக்குச் சூட்டை இறக்குவது பாடு. முதல் கோடையில் மத்தியானம் ஓட்டிப் பார்த்தேன். வெப்ப எச்சரிக்கை வந்தது, இரண்டே மணி நேரத்தில் பாதித் துளைகள் போய்விட்டன. இப்போது ராத்திரி ஒன்பது மணிக்கு மேல்தான் தொடங்குகிறேன். கருவிக்கு அடியில் ஒரு கடப்பைக் கல், லேப்டாப் ஒரு முழம் தள்ளி, இரண்டுக்கும் யுபிஎஸ். ஃபுளோ செல்லை 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும், உறையவே கூடாது. வைத்திருக்கும் காலமும் 12 வாரம்தான். 2020 ஊரடங்கில் வாளையார் செக்போஸ்ட்டைத் தாண்டி ஒன்றும் சுலபமாக வரவில்லை. கையில் இருந்த ஃபுளோ செல்லோ, வாங்கிய மற்ற மருந்துகள் வந்து சேருவதற்குள் கெடு தாண்டிவிட்டது. ஒன்றின் விலை என் ஒரு மாதச் சம்பளத்தை நெருங்கும் என்பதால் அந்த இழப்பு இன்னும் மனசில் இருக்கிறது.

ஆனால் ஆறு வருஷத்தில் என் நேரத்தைத் தின்றது கருவி இல்லை, அதற்கு முந்தைய வேலை. பாசியிலிருந்து டிஎன்ஏவை வெளியே எடுப்பது.

ஏரிப் படலத்தில் நாஸ்டாக் என்கிற நீலப்பச்சைப்பாசி நிறைய. உறைந்து உருகி உறைந்து வாழ்கிற உயிர் என்பதால் தன்னைச் சுற்றி வழவழப்பான கூழ் ஒன்றைப் போர்த்திக்கொண்டிருக்கும். தொட்டால் இளநுங்கு மாதிரி வழுக்கும். செல்லைக் கரைக்கும் சோப்பு போன்ற சிடிஏபி மருந்தில் 65 டிகிரியில் வைத்து, குளோரோஃபார்ம் விட்டு, ஆல்கஹால் ஊற்றினால் வெள்ளை நூலாக டிஎன்ஏ திரள வேண்டும். எனக்குத் திரண்டது கூழ். அது பிப்பெட் டிப்பை அடைத்தது, பிசிஆரை நிறுத்தியது. கிட்டத்தட்ட எட்டு மாதம் இதிலேயே போனது. வழிக்கு வந்தது மூன்று மாற்றங்களால். படலத்தை முதலில் கழுவுவது. எடுக்கிற அளவைக் கால்வாசியாகக் குறைப்பது (நிறையப் போட்டால் நிறைய வரும் என்ற எண்ணம்தான் என்னைக் கெடுத்தது). ஆல்கஹால் ஊற்றும் முன் உப்பை நன்றாகக் கூட்டுவது. உப்பு கூடினால் கூழ்ச் சர்க்கரைகள் கரைசலிலேயே தங்கிவிடும், டிஎன்ஏ மட்டும் கீழே இறங்கும்.

செம்பனி இதற்கு நேர்மாறு. வடிதாள் குங்குமம் கொட்டியது போல வந்தது. அந்தச் சிவப்பு அஸ்டாசாந்தின் என்கிற நிறமி. கடும் வெயிலிலிருந்து பாசி தன்னைக் காத்துக்கொள்ளச் சேர்த்துவைப்பது. இந்த நிறம் பனியைக் கருக்கச் செய்து, வெயிலை வாங்க வைத்து, உருகலைக் கூட்டுகிறது. ஆர்க்டிக் பனியாறுகளில் ஒரு உருகு பருவத்தில் பனி ஒளியைத் திருப்பி அனுப்பும் திறன் செம்பனிப் பாசிகளால் 13 சதவீதம் குறையலாம் என்று 2016-ல் ஓர் ஆய்வு கணக்கிட்டது. அதனால்தான் அங்கே எந்தப் பாசி எவ்வளவு பரந்திருக்கிறது என்று தெரிந்துகொள்வது வெறும் பெயர்ப் பட்டியல் வேலை இல்லை.

என் முதல் செம்பனி ஓட்டத்தின் முடிவைப் பார்த்துத் திகைத்துப்போனேன். ஏதேதோ சின்னப் பச்சைப்பாசிகள், பூஞ்சைகள் நிறைய. பனிக்கு அந்தச் சிவப்பைத் தரும் பாசியான சாங்குவினா சொற்பம். அதே வடிதாளின் ஒரு மூலையைத் தண்ணீரில் உதறி மைக்ராஸ்கோப்பில் வைத்தால் திரை முழுக்கச் சிவப்பு உருண்டைகள். கண்ணும் கருவியும் எதிரெதிராகச் சொன்னபோது கருவியை நம்பியிருந்தால் தவறான முடிவை எழுதியிருப்பேன். காரணம் எளிது: அந்த உருண்டைகள் தடித்த சுவர் கொண்ட ஓய்வுநிலைச் செல்கள். என் முறையில் அவை உடையவே இல்லை. மெல்லிய சுவர்க்காரர்கள் மட்டும் உடைந்து டிஎன்ஏவைக் கொடுத்திருந்தார்கள்.

உடைக்கத் திரவ நைட்ரஜன் வேண்டும். எங்கள் கல்லூரியில் கிடையாது. கோயமுத்தூரிலிருந்து வாங்கிவரக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தபோது, இரண்டு மாடு வைத்திருக்கும் எங்கள் லேப் அட்டெண்டர் அண்ணன்தான் சொன்னார்: "டீச்சர், மாட்டுக்குச் சினை ஊசி போட வர்றவங்க புகை விடற கேன் ஒண்ணு தூக்கிட்டு வருவாங்களே, அதுல இருக்கறது இதுதானுங்களே?" அதேதான். பால்மாடு நிறைந்த ஊரில் இருப்பதன் பலன். அவரே கேட்டு ஏற்பாடு செய்தார். வடிதாளை அந்தக் குளிரில் கல்லுரலில் அரைத்த பிறகு சாங்குவினாவின் பங்கு பல மடங்கு கூடியது. அப்போதும் ரீடு எண்ணிக்கையை, அதாவது கருவி படித்த இழைகளின் எண்ணிக்கையை, பாசி எண்ணிக்கையாக நான் எழுதுவதில்லை. ஒரு செல்லில் இந்த மரபணு எத்தனை நகல் இருக்கிறது என்பது இனத்துக்கு இனம் மாறும்.

மூன்றாம் வருஷம் நடந்ததை மாணவர்களுக்கு ஒவ்வொரு ஆண்டும் சொல்கிறேன். ஷிர்மாக்கர் ஏரிப் படலம் ஒன்றில் டிரென்டிபோலியா வந்தது. இந்தப் பெயர் கேரளத்துக்காரர்களுக்குப் பழக்கமானது. 2001-ல் கோட்டயம், இடுக்கிப் பக்கம் பெய்த செம்மழையின் நிறத்துக்குக் காரணம் இந்தப் பாசியின் வித்துகள் என்று அரசு கேட்ட ஆய்வு சொன்னது. தென்னை மரத்திலும் ஈரச் சுவரிலும் காவி பூசியது போல இருப்பது அதுதான். அண்டார்ட்டிகா ஏரியில் அது இருந்தால் பெரிய செய்தி. ஒரு சாயங்காலம் முழுக்க அந்த மகிழ்ச்சியில் இருந்தேன். மறுநாள் வெற்றுக் குழாயின் முடிவைத் திறந்தேன். மாதிரியே போடாமல் எல்லா மருந்தும் விட்டு ஓட்டும் குழாய் அது. அதிலும் டிரென்டிபோலியா. டிஎன்ஏ எடுத்தது ஜூனில், ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு. பாலக்காட்டுக் கணவாயில் காற்று எப்படி அடிக்கும் என்று இங்கே இருப்பவர்களுக்குச் சொல்லவேண்டாம். ஜன்னலுக்கு வெளியே கல்லூரிச் சுவர், சுவர் முழுக்கக் காவி.

அன்றிலிருந்து வெற்றுக் குழாய் இல்லாமல் ஒரு ஓட்டமும் இல்லை. வடிகட்டும்போது ஒன்று, டிஎன்ஏ எடுக்கும்போது ஒன்று, பிசிஆருக்கு ஒன்று. மூன்றையும் காசு கொடுத்துப் படிக்கிறேன். துருவ மாதிரியில் உயிர்ப்பொருள் கொஞ்சமாகத்தான் இருக்கும், அதனால் வெளியிலிருந்து விழும் துளிகூடப் பெரிதாகத் தெரியும். டிஎன்ஏ எடுப்பது இப்போது விடியற்காலை ஐந்து மணிக்கு, ஃபேன் நிறுத்தி, ஜன்னல் சாத்தி.

பெயர் வைப்பதில்தான் இன்னும் குறை. செல்லில் உட்கரு உள்ள யூகேரியோட்களுக்குப் பிஆர்2, பொதுவாகச் சில்வா, இரண்டு தரவுத்தளத்தையும் பார்க்கிறேன். துருவ வரிசைகளில் பலவற்றுக்கு "வளர்க்கப்படாத பச்சைப்பாசி" என்றுதான் பதில் வருகிறது. யாரோ ஒருவர் அந்தச் செல்லைக் கண்ணால் பார்த்து, வரைந்து, வளர்த்து, அதே செல்லின் வரிசையையும் பதிந்திருந்தால்தான் தரவுத்தளத்துக்குப் பெயர் தெரியும். எம்.ஓ.பி. ஐயங்கார் சென்னையில் வளர்த்த பாசியியல் மரபில் வந்தவர் டி.வி. தேசிகாச்சாரி. 1959-ல் வெளிவந்த அவருடைய 'சயனோஃபைட்டா' இன்றும் என் மேசையில் சீக்குவென்சருக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. இழையின் அகலம், செல்லின் நீளம், உறையின் நிறம் என்று அளந்து அளந்து எழுதிய அந்தப் பொறுமை இல்லாமல் என் எழுத்து வரிசைகள் எதற்கும் ஒட்டாது.

ஆகவே கேட்பவர்களுக்கு என் பதில்: மாணவர்கள் ஒரு ராத்திரியில் முடிவைக் கண்ணால் பார்த்துக் கற்க வேண்டுமென்றால், நீளமான மரபணு வேண்டுமென்றால், வாங்குங்கள். வருஷத்துக்கு ஒருமுறை 200 மாதிரி மொத்தமாக வரும் என்றால் வெளியே அனுப்புவதுதான் மலிவு. எதுவானாலும் நல்ல மைக்ராஸ்கோப் இல்லாத துறை முதலில் மைக்ராஸ்கோப் வாங்கட்டும்.

போன மாத ஓட்டத்தில், ஷிர்மாக்கரின் மூன்று ஏரிகளிலும் ஒரே ஐடிஎஸ் வரிசை வந்தது. வெற்றுக் குழாய்கள் மூன்றும் சுத்தம். தரவுத்தளம் எதிலும் நெருங்கிய உறவு இல்லை. வடிதாளில் செல்கள் நசுங்கிப் போயிருந்ததால் வரையவும் முடியவில்லை. அடுத்த கோடைப் பயணத்தில் போகிறவரிடம் சொல்லியிருக்கிறேன்: வடிதாளோடு, அந்த மூன்று ஏரிகளிலிருந்தும் உறையவிடாமல் 50 மில்லி தண்ணீர் வேண்டும், பாசி உயிரோடு.