18,500 ரூபா கட்டி வாங்கின பதில்: "அதை ஆடிட்டர்ட்ட கேளுங்க சார்"

காரைக்குடியில பலகாரக் கடை வச்சிருக்கேன். பில் போடுற சாஃப்ட்வேருக்கு சப்போர்ட்னு 18,500 ரூபாயைத் தூக்கிக் கொடுத்துட்டு வயிறெரிஞ்சு எழுதுறேன். ஆள் பேரு, கம்பெனி பேரு வேணாம். பில்லிங் சாஃப்ட்வேர் விக்கிற டீலர், அவ்வளவுதான்.

ஆகஸ்ட்ல வந்தான். கல்லாவுக்கு எதிர்ல உட்கார்ந்து ஆத்தா கொடுத்த மனகோலத்தைத் தின்னுக்கிட்டே, "ஆச்சி, எங்க ஆயா செஞ்ச மாதிரியே இருக்கு"ன்னான். ஆத்தா உருகிப் போச்சு. அப்புறம் என் பக்கம் திரும்பி, "அண்ணே, பிரீமியம் சப்போர்ட் போட்டுக்குங்க, வருஷத்துக்கு 18,500. என்ன சந்தேகம்னாலும் கேளுங்க, ராத்திரி பத்து மணின்னாலும் எடுப்போம்." என்ன சந்தேகம்னாலும்! அந்த ஒரு வார்த்தைக்கு அங்கேயே ஜிபே பண்ணிட்டேன். எதுக்குப் பதில் சொல்வீங்க, எதுக்குச் சொல்ல மாட்டீங்கன்னு ஒரு வரி எழுதி வாங்கல. சீடைப் பாக்கெட்டுக்கே எடை, தேதி, விலைன்னு லேபிள் ஒட்டி விக்கிறவன் நான்.

2025 செப்டம்பர் 22 வந்துச்சு. லேபிள் ஒட்டின பாக்கெட் தேன்குழல், சீப்புச்சீடைக்கெல்லாம் ஜிஎஸ்டி 12லருந்து 5 சதவீதமா இறங்குச்சு. நம்ம சாஃப்ட்வேர் மட்டும் 12ஐ விடல. தேவகோட்டைக்கு மொத்தமா எடுக்குறவர் பில்லைப் பார்த்துட்டு, "என்னண்ணே, இன்னும் பழைய வரியா?"ன்னு நாலு பேருக்கு முன்னாடி கேட்டார்.

சப்போர்ட்டுக்குப் போன் போட்டேன். "வரி சம்பந்தமான கேள்வி சார், ஆடிட்டர்ட்ட கேளுங்க." ஆடிட்டர், "5தாம்ப்பா, அதுல மாத்திக் கொடுக்குறது அவங்க வேலை"ன்னார். மறுபடி போன். "டிக்கெட் போட்டாச்சு சார்." டிக்கெட்னா புகாரைப் பதிஞ்சு ஒரு நம்பர் கொடுக்குறது. மறுநாள் வேற பொண்ணு, வேற டிக்கெட், முதல்லருந்து கதை. மூணாம் நாள், "சீனியர் கூப்பிடுவார்." அந்த சீனியர் இன்னும் கூப்பிடல.

வரி எவ்வளவுன்னு சொல்றது அவங்க வேலை இல்லதான், ஒத்துக்கறேன். நான் அதையா கேட்டேன்? எந்த இடத்துல மாத்தணும், 22க்கு முந்தின பில் கெடாம எப்படி மாத்தணும். இதுக்குக் கூடப் பதில் சொல்லாத சப்போர்ட் எதுக்கு?

தீபாவளி ஆர்டர் கழுத்தைப் பிடிக்குது. நானே ஐட்டம் மாஸ்டர்ல, அதான் சாஃப்ட்வேர்ல ஒவ்வொரு சரக்குக்கும் வரி பதிஞ்சிருக்கிற பட்டியல்ல போயி 12ஐ 5ன்னு மாத்தினேன். செப்டம்பர்ல அதுக்கு முன்னாடி போட்ட பில் அத்தனையும் சேர்ந்து 5க்கு மாறிருச்சு. வாங்கின வரி 12, கம்ப்யூட்டர் காட்டுறது 5. செப்டம்பர் விற்பனைக் கணக்கை ஜிஎஸ்டிக்குக் காட்டுற ஜிஎஸ்டிஆர்-1க்கு அக்டோபர் 11 கடைசி. இப்ப மட்டும் டீலரே முதல் ரிங்லயே எடுத்தான்: "டேட்டா கரெக்‌ஷன் பிரீமியத்துல வராதுண்ணே. தனியா 7,500 ஆகும்." 18,500 வாங்கின வாய்! நானும் வீட்லயும் ரெண்டு ராத்திரி முழிச்சு, பேப்பர் பில்லை வச்சு கையால கூட்டி ஆடிட்டர்ட்ட கொடுத்தோம். பணத்தைத் திருப்பிக் கேட்டதுக்கு, "ரசீதுக்குப் பின்னாடி திருப்பித் தர மாட்டோம்னு போட்டிருக்கே, படிக்கலியா?"ங்கிறான்.

விவரமா எழுதலாம்னுதான் உட்கார்ந்தேன், அடுப்புல எண்ணெய் காயுது. வரி மாறினா யார் மாத்துவா, டேட்டா கெட்டா யார் சரி பண்ணுவா, பிரிண்டர் மக்கர் பண்ணா வருவாங்களான்னு பணம் கட்டுறதுக்கு முன்னாடி வாட்ஸ்அப்லயாவது எழுதி வாங்கிருங்க. மாஸ்டர்ல கை வைக்கிறதுக்கு முன்னாடி பென்டிரைவ்ல பேக்கப் எடுங்க. நான் எடுக்கல. போன் பேசினா தேதி, டிக்கெட் நம்பரைக் குறிச்சு வைங்க.

நுகர்வோர் உதவி எண் 1915ல நேத்து புகார் கொடுத்துட்டேன். 18,500 ரூபா சார். எத்தனை கிலோ தேன்குழல் பிழியணும்னு ஆத்தா கேக்குது.