அயர்லாந்துப் பூர்விகம் தேடும் சேவைகள்: எதற்குக் காசு கொடுக்கலாம், எதற்கு வேண்டாம்

டிஎன்ஏ கிட்டுக்கு ஆர்டர் போடும் முன் இரண்டு வாரம் பொறுங்கள். அயர்லாந்தைப் பொறுத்தவரை, முதல் கட்ட வேலையில் பெரும்பகுதியைக் காசு கேட்காத தளங்களே முடித்துக் கொடுத்துவிடும். அந்த அடித்தளம் இல்லாமல் டிஎன்ஏ முடிவைத் திறந்தால், முன்பின் தெரியாத ஆயிரக்கணக்கான பெயர்களின் பட்டியல்தான் கையில் இருக்கும்.

எந்தச் சேவையை எடைபோடவும் ஒரே கேள்வி போதும்: அது டவுன்லேண்ட் பெயர் வரை கொண்டுபோய் விடுகிறதா? டவுன்லேண்ட் என்பது அங்குள்ள மிகச் சிறிய நிலப்பிரிவு. சிலவற்றில் நாலைந்து வீடுகள்தான் இருக்கும். நாடு முழுக்க அறுபதாயிரத்துக்கும் மேல் உண்டு. "கார்க் மாவட்டத்து மர்ஃபி" என்று தேடுவது, "மதுரைப் பக்கத்து முருகன்" என்று தேடுவதைப் போலத்தான்.

முதலில் ஐரிஷ்ஜீனியாலஜி.ஐஇ. அரசு நடத்துவது, முழுக்க இலவசம், பதிவேட்டுப் பக்கத்தின் படமே கிடைக்கும். பிறப்பும் இறப்பும் கத்தோலிக்கத் திருமணங்களும் 1864 முதல், மற்றத் திருமணங்கள் 1845 முதல். அந்தரங்கம் கருதி நூறு ஆண்டு தாண்டிய பிறப்புகள், 75 ஆண்டு தாண்டிய திருமணங்கள், 50 ஆண்டு தாண்டிய இறப்புகளை மட்டுமே காட்டும். பிறப்புப் பதிவில் டவுன்லேண்டும் தாயின் பிறந்த வீட்டுக் குடும்பப் பெயரும் இருக்கும். திருமணப் பதிவில் இரு தந்தையரின் பெயரும் தொழிலும் இருக்கும். குறை தேடுபொறியில்: பழைய பிறப்புகளைத் தாயின் பெயரை வைத்துச் சலிக்க முடியாது. ஒரே பெயருள்ள பத்துப் பதிவுகள் வந்தால் பத்துப் படங்களையும் திறந்துதான் பார்க்க வேண்டும்.

அடுத்து அயர்லாந்து தேசிய ஆவணக் காப்பகத்தின் 1901, 1911 மக்கள்தொகைக் கணக்கெடுப்புகள், இவையும் இலவசம். 1911 படிவத்தில் திருமணமாகி எத்தனை ஆண்டு, பெற்ற பிள்ளைகள் எத்தனை, உயிரோடு இருப்பவர் எத்தனை என்ற கலங்கள் உண்டு. அதற்காகவே அதை முதலில் திறக்கலாம். வயதை மட்டும் நம்பிவிட வேண்டாம். 1909 ஜனவரியில் எழுபது வயதானவர்களுக்கு ஓய்வூதியம் கொடுக்கத் தொடங்கினார்கள். 1901இல் 56 என்றவர் 1911இல் 71 ஆகியிருப்பார். பிறந்த தேதியிலும் இதே சிக்கல் வரும். தாமதமாகப் பதிந்தால் அபராதம் என்பதால் தேதியைத் தள்ளிச் சொன்ன பெற்றோர் நிறைய. ஞானஸ்நானம் பிறப்புக்கு முந்திய தேதியில் இருந்தால் பங்குப் பதிவேட்டை, அதாவது உள்ளூர்த் தேவாலயத்தின் ஏட்டை, நம்புங்கள்.

"1922இல் எல்லாம் எரிந்துவிட்டது" என்று பலர் தேடலையே கைவிடுகிறார்கள். அந்த ஆண்டு ஜூன் 30 அன்று, உள்நாட்டுப் போரில், டப்ளின் ஃபோர் கோர்ட்ஸ் நீதிமன்ற வளாகத்தில் இருந்த ஆவணக் காப்பகம் எரிந்தது உண்மை. 1821 முதல் 1851 வரையிலான நான்கு கணக்கெடுப்புகளில் துண்டுகளே மிஞ்சின. 1861, 1871 ஏடுகளை அரசே அதற்கு முன்பு அழித்திருந்தது. 1881, 1891 ஏடுகள் முதல் உலகப்போர்க் காலத்தில் காகிதக் கூழாயின. ஆனால் கத்தோலிக்கப் பங்குப் பதிவேடுகள் அந்தக் கட்டடத்தில் இல்லை. தேசிய நூலகம் அவற்றின் மைக்ரோஃபிலிம் படங்களை 2015இல் இலவசமாக இணையத்தில் வைத்தது. பெரும்பாலும் 1880 வரை கிடைக்கும். மேற்குப் பகுதிப் பங்குகள் பலவற்றில் 1820களுக்கு முன் ஒன்றும் இருக்காது. பெயர்கள் பல இடங்களில் லத்தீனில் இருக்கும்: ஜேம்ஸ் "யாகோபுஸ்" ஆகியிருப்பார். பிரிட்ஜெட், டீலியா, பிடி மூன்றும் ஒரே பெண்ணாக இருக்கலாம். ஜெரமையாவும் டார்பியும் ஒருவரே. 'ஓ', 'மக்' முன்னொட்டுகள் ஒரு தலைமுறையில் உதிர்ந்து அடுத்ததில் திரும்பி வரும். ஞானப்பெற்றோர் பெயர்களையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள், அவர்கள் பெரும்பாலும் பெற்றோரின் உடன்பிறந்தவர்கள்.

காசு கொடுக்கத் தகுந்த முதல் சேவை ரூட்ஸ் அயர்லாந்து. மாவட்ட மரபு மையங்கள் கையால் படியெடுத்த பங்குப் பதிவுகள் இதில் உள்ளன. இதன் உயிர்நாடி ஒரே வசதி: குழந்தையின் பெயரை விட்டுவிட்டு, தாய் தந்தை பெயர்களை மட்டும் கொடுத்து ஒரு தம்பதியின் பிள்ளைகள் அனைவரையும் இழுக்கலாம். அதோடு அங்கே நிலவிய பெயரிடும் வழக்கத்தைச் சேர்த்துப் பாருங்கள்: மூத்த மகனுக்கு அப்பாவழித் தாத்தா பெயர், இரண்டாவது மகனுக்கு அம்மாவழித் தாத்தா பெயர், மூத்த மகளுக்கு அம்மாவழிப் பாட்டி பெயர். நம் வீடுகளில் பேரப்பிள்ளைக்குத் தாத்தா பெயர் வைப்பதைப் பார்த்து வளர்ந்தவருக்கு இது சட்டென்று பிடிபடும். ஆனால் விதி என்று எடுத்துக்கொள்ள வேண்டாம், குறிப்பு மட்டுமே.

குறைகள்: பதிவேட்டின் படம் கிடையாது, படியெடுத்த வாசகம் மட்டும்தான். படித்ததில் பிழை இருக்கும். ஆகவே ஒவ்வொன்றையும் தேசிய நூலகப் படத்தோடு ஒப்பிடுங்கள். மாவட்டத்துக்கு மாவட்டம் உள்ளடக்கம் மாறும். சந்தா கட்டும் முன், உங்கள் பங்கின் ஆண்டுகள் உள்ளனவா என்று தளத்தின் மூலப்பட்டியலில் பாருங்கள். கெர்ரி, டப்ளின் நகரம், கார்க்கின் ஒரு பகுதி என்றால் தேவாலயப் பதிவுகள் அரசுத் தளத்திலேயே இலவசமாக இருக்கின்றன, அதைப் பார்த்த பிறகு முடிவெடுங்கள். ஓராண்டுச் சந்தா வேண்டாம். தேட வேண்டியதை முன்கூட்டியே பட்டியலிட்டுக்கொண்டால் ஒரு மாதம் தாராளம்.

1864க்கு முந்திய காலத்துக்குப் போக, வரிக்காக நிலத்தையும் வீட்டையும் மதிப்பிட்ட கிரிஃபித் மதிப்பீடு (1847–1864) இலவசமாகக் கிடைக்கிறது. குடும்பத்தலைவர் பெயர் மட்டும் இருக்கும், மனைவி மக்கள் இருக்க மாட்டார்கள். ஒரே டவுன்லேண்டில் இரண்டு பேட்ரிக் மர்ஃபி இருந்தால், அடைப்புக்குறிக்குள் அப்பா பெயரைப் போட்டுப் பிரித்திருப்பார்கள். அந்த அடைப்புக்குறி பெரிய சொத்து.

டவுன்லேண்டே தெரியவில்லையா? அயர்லாந்தில் தேடாதீர்கள், குடியேறிய நாட்டில் தேடுங்கள். பாஸ்டன் பைலட் பத்திரிகையில் 1831 முதல் 1921 வரை வந்த "காணாமல்போன நண்பர்கள்" விளம்பரங்களில் பங்குப் பெயர் வரை இருக்கும். 1850இல் நியூயார்க்கில் தொடங்கிய எமிக்ரன்ட் சேமிப்பு வங்கியின் கணக்கேடுகளில் பிறந்த ஊர், பெற்றோர், வந்த கப்பல் எல்லாம் குறித்திருக்கிறார்கள்.

இப்போது டிஎன்ஏ. அயர்லாந்துத் தேடலுக்கு முதலில் வாங்க வேண்டியது ஆன்செஸ்ட்ரி டிஎன்ஏ. அமெரிக்காவுக்குப் போன ஐரிஷ் வம்சாவளியினர் அதில்தான் அதிகம். மற்ற நிறுவனத் தரவை அது ஏற்றுக்கொள்ளாது. அதன் தரவை இறக்கி, பல நிறுவனங்களின் முடிவுகளை ஒப்பிடும் ஜெட்மேட்ச் போன்ற தளங்களில் ஏற்றலாம். ஏற்றும்போது, காவல்துறைத் தேடலுக்கு அனுமதி என்ற தெரிவைப் படித்துப் பார்த்துவிட்டுத் தொடருங்கள். உமிழ்நீர் எடுக்கும் முன் அரை மணி நேரம் சாப்பிடவோ குடிக்கவோ கூடாது. நுரையைக் கழித்துக் கோடுவரை நிரம்ப வேண்டும். வாய் உலர்ந்த முதியவர்களின் மாதிரி தோற்பது வழக்கம். அவர்களுக்குக் கன்னத்தில் பஞ்சுக்குச்சி தேய்க்கும் ஃபேமிலி ட்ரீ டிஎன்ஏ அல்லது மைஹெரிட்டேஜ் கிட் எளிது.

ஒரு கிட்டுக்குத்தான் காசு என்றால், வீட்டின் மூத்தவருக்கு வாங்குங்கள். தலைமுறைக்குத் தலைமுறை பாதி போய்விடும். ஒரே தாத்தா பாட்டியின் பேரப்பிள்ளைகளுக்குள் சராசரி 850 செண்டிமார்கன் (இருவருக்கும் பொதுவான டிஎன்ஏவை அளக்கும் அலகு) அளவில் பொருந்தும். கொள்ளுத்தாத்தா பொது என்றால் 230, அதற்கும் ஒரு படி மேலே என்றால் 75 அளவில். இன்னும் ஒரு படி போனால், உறவு உண்மையாக இருந்தும் பாதிப் பேருக்குப் பொருத்தமே காட்டாது. "பொருந்தவில்லை, எனவே உறவில்லை" என்ற முடிவு அங்கே தவறு.

இன விழுக்காட்டுப் படத்துக்காக வாங்குவது வீண். கணிப்பு முறையைப் புதுப்பிக்கும்போதெல்லாம் எண் மாறும். பொருத்தப் பட்டியல்தான் சரக்கு. 90 முதல் 400 செண்டிமார்கன் வரை உள்ளவர்களை எடுத்து, பொதுப் பொருத்தங்களைப் பார்த்து, நான்கு தாத்தா பாட்டிகளுக்கு நான்கு வண்ணப் புள்ளி வையுங்கள். தீவுகளிலும் மலைப் பள்ளத்தாக்குகளிலும் சில குடும்பங்களே தமக்குள் மணந்துகொண்டதால், ஒருவர் இரண்டு வழியில் உறவாகி எண் பெருத்துக் காட்டும். இரண்டு வண்ணமும் ஒருவர்மேல் விழுந்தால் அதுதான் காரணமா என்று பாருங்கள். 15க்குக் கீழ் உள்ள ஒற்றைப் பொருத்தத்தின்மேல் மரம் வளர்க்க வேண்டாம். அப்பாவிடமிருந்து மகனுக்கு வரும் ஒய் குரோமோசோமைப் பார்க்கும் ஆண்வழி ஒய் சோதனை, ஒரே குடும்பப்பெயர்க்காரர் இருவர் ஒரே வழியா என்று அறிய மட்டும் உதவும். அதை முதல் செலவாக வைக்காதீர்கள்.

சென்னைப் பக்கத்து ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களுக்கு இன்னொரு கதவு உண்டு. மெட்ராஸ் ஐரோப்பியப் படைப்பிரிவு பின்னாளில் ராயல் டப்ளின் ஃபியூசிலியர்ஸின் முதல் பட்டாலியன் ஆனது. அதில் ஐரிஷ் சிப்பாய்கள் ஏராளம். மெட்ராஸ் மாகாண ஞானஸ்நான, திருமண, அடக்கப் பதிவுகள் பிரிட்டிஷ் நூலகத்தில் என்/2 என்ற வரிசையில் உள்ளன. ஃபைண்ட்மைபாஸ்ட் என்ற பூர்விக ஆவணத் தளத்தின் சந்தாவில் அவற்றைத் தேடலாம். கத்தோலிக்கப் பதிவுகளில் இடைவெளி உண்டு என்பதால் உள்ளூர்ப் பங்கிலும் கேளுங்கள். கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சேர்ப்பு ஏடுகளில் சிப்பாயின் சொந்த ஊர் எழுதியிருந்தால், அங்கிருந்து நேரே டவுன்லேண்டைத் தேடப் போகலாம்.