சைக்ளோகிரொஸ்ஸா, கிரவல் பைக்கா: கொழும்பில் ஒரு வருஷம் ஓட்டிய பிறகு

நாலு மாதம் தேடிக் கடைசியில் நான் எடுத்தது, பாவித்த அலுமினியச் சைக்ளோகிரொஸ் சைக்கிள் ஒன்று. கேபிள் இழுத்துச் சில்லு நடுவிலுள்ள தகட்டைப் பிடிக்கும் டிஸ்க் பிறேக், பின்னுக்குப் பத்துப் பல்சக்கரம். வாங்கி ஒரு வருஷம் தாண்டிவிட்டது. வைகாசியில் தொடங்கும் மழையையும் ஐப்பசி மழையையும் அது பார்த்துவிட்டது. எதை எடுக்கலாம் என்று கேட்கிறவர்களுக்கு இப்போது தைரியமாகப் பதில் சொல்லலாம்.

முதலில் என் ஓட்டம். கிழமை நாட்களில் வெள்ளவத்தையிலிருந்து மரைன் டிரைவால் காலிமுகத்திடல் வரை, முழுக்கக் காபெட் றோட்டு. ஞாயிறு விடிய ஹைலெவல் வீதியைப் பிடித்து, ஹோமாகம தாண்டிப் பாதுக்கைப் பக்கம். அங்கே றப்பர் தோட்டங்களுக்குள் கிரவல் றோட்டுகள் நெடுக ஓடும். மொத்தத்தில் மூன்றில் இரண்டு பங்கு தார், மிச்சம் கல்லும் செம்மண்ணும். உங்களுக்கு இந்தக் கணக்குத் தலைகீழாக இருந்தால் முடிவும் மாறலாம்.

மௌன்டன் பைக்கை நான் ஆரம்பத்திலேயே விட்டேன். பாகம் எங்கும் கிடைக்கும், விலையும் குறைவு, உண்மைதான். ஆனால் முப்பது கிலோமீற்றர் தார் ஓடித்தான் கிரவலைத் தொட வேண்டும் என்றால், முன் சஸ்பென்ஷனின் பாரத்தையும் தடித்த டயரையும் அவ்வளவு தூரம் சும்மா இழுக்க வேண்டும். எதிர்க்காற்றில் நிமிர்ந்து உட்கார்ந்து ஓடுவதும் களைப்பு. றோட்டுச் சைக்கிளையும் மௌன்டன் பைக்கையும் கலந்த ஹைபிரிட்டுக்கும் இதே பதில்தான்.

ஆக, வளைந்த ஹாண்டில் உள்ள இரண்டுதான் மிச்சம்: சைக்ளோகிரொஸ், கிரவல் பைக். தூரத்தில் பார்த்தால் ஒன்றுபோல இருக்கும். பிறந்த கதை வேறு. சைக்ளோகிரொஸ் என்பது ஐரோப்பாவின் குளிர்காலப் பந்தயம். உலகப் போட்டி 1950 முதல் நடக்கிறது. ஏறக்குறைய ஒரு மணி நேரம் சேற்றில் சுற்றி ஓட வேண்டும், தடை வந்தால் இறங்கிச் சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். அதற்காகவே பெடல் அச்சு கொஞ்சம் உயரம், இரண்டு சில்லுக்கும் இடைவெளி குறைவு, திருப்பினால் உடனே திரும்பும். பந்தய விதிப்படி டயர் 33 மில்லிமீற்றர்தான், அதனால் ஃபிறேமிலும் அதைவிடக் கொஞ்சம்தான் கூடுதல் இடம் விடுவார்கள். என்னுடையதில் 38 ஏறுகிறது. கிரவல் பைக் நாள் முழுக்க ஓடச் செய்தது. நீளம், நிதானம், 45 டயர் தாராளமாக ஏறும், போத்தலும் பையும் பூட்ட ஃபிறேமெங்கும் துளைகள்.

நண்பன் ஒருவனின் கிரவல் பைக்கை இரண்டு ஞாயிறு மாற்றி ஓட்டினேன். இரண்டு ஓட்டத்தில் முழுதாகத் தீர்ப்புச் சொல்ல முடியாது. இருந்தாலும் நாலு மணி நேரத்துக்குப் பிறகு கையும் முதுகும் நோகாமல் இருந்ததை மறைக்க மாட்டேன். கல் பெருத்த இறக்கத்தில் அது என் சைக்கிளைவிட நம்பிக்கையாக இறங்கியது. நெருக்கடியான காலி வீதியில் மினிபஸ்ஸுக்கும் முச்சக்கரவண்டிக்கும் நடுவே நுழைந்து வர, சைக்ளோகிரொஸ்தான் எனக்குக் கைக்கு இசைவு.

இவ்வளவும் பார்த்தால் சரிசமம் மாதிரித்தான். என்னை ஒரு பக்கம் சாய்த்தது பராமரிப்பு. கொழும்பில், அதுவும் கடலுக்கு இரண்டு ஒழுங்கை தள்ளி இருக்கிற வீட்டில், சைக்கிள் ஓடாமல் நின்றாலும் கறள் பிடிக்கும். போல்ட்டின் தலை, கேபிள் முனை, செயின் மூன்றும் முதலில் செம்மஞ்சளாகும். நான் முதலில் வாங்கப் போனது ஜப்பானிலிருந்து வந்த பழைய இரும்புச் சைக்ளோகிரொஸ், அழகான சாமான். சீற்றை உயர்த்திப் பார்ப்போம் என்று கழட்டினால் அலுமினியத் தண்டு இரும்புக் குழாய்க்குள் இறுகிப்போய் அசையவில்லை. இரண்டு உலோகத்துக்கும் இடையில் உப்பு ஈரம் சேர்ந்தால் அப்படித்தான் ஒட்டிக்கொள்ளும். என் சைக்கிளில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை தண்டைக் கழட்டிக் கிறீஸ் பூசித்தான் போடுகிறேன்.

அந்த ஜப்பான் சைக்கிளில் இருந்தது றிம்மைப் பிடிக்கும் பழைய கன்டிலீவர் பிறேக். அதே மாதிரி ஒன்றை ஒரு மழை நாளில் தோட்டத்துக்குள் ஓட்டிப் பார்த்திருக்கிறேன். செம்மண் கரைந்து குழம்பாகி றிம்மில் படிகிறது, பிறேக் பிடித்தால் ஆட்டுரலில் அரிசி அரைபடுகிற மாதிரிச் சத்தம். வண்டி நிற்கச் சில்லு இரண்டு சுற்றுப் போகிறது. அரைபடுவது பிறேக் கட்டை மட்டுமல்ல, றிம்மும்தான். றிம் தேய்ந்தால் சில்லையே புதிதாகக் கட்ட வேண்டும். டிஸ்க்கில் தேய்வது தகடும் அதை நெருக்கும் ‘பாட்’ கட்டையும், இரண்டையும் வீட்டிலேயே மாற்றலாம். ஆகவே டிஸ்க் கட்டாயம் என்று அன்றைக்கே முடிவெடுத்தேன்.

டிஸ்க்கிலும் இரண்டு வகை. இப்போது வருகிற கிரவல் பைக்குகளில் பெரும்பாலும் கேபிளுக்குப் பதில் ஒயில் அழுத்தத்தில் பிடிக்கும் ஒயில் பிறேக். விரல் வைத்தாலே பிடிக்கும், அந்தச் சுகத்துக்கு என் கேபிள் பிறேக் கிட்டவும் வராது. ஆனால் ஒயிலும் இரண்டு விதம். டொட் (DOT) ஒயில் மோட்டார்சைக்கிள் கடையிலேயே கிடைக்கும், ஆனால் அது காற்றின் ஈரத்தை உறிஞ்சும். நம் ஊர்ப் புழுக்கத்தில் நாள் தள்ளாமல் மாற்ற வேண்டும். சிமானோ கம்பனிப் பிறேக்குக்கு மினரல் ஒயில், அது ஈரம் உறிஞ்சாது. ஒன்றுக்குப் பதில் மற்றதை ஊற்றினால் உள்ளே சீல் கெட்டுவிடும். நண்பனின் பிறேக் பிடி ஒருநாள் ஹாண்டில் வரைக்கும் வந்துவிட்டது. கொடுத்த கடையில் ஒயிலுக்குள் சேர்ந்த காற்றை எடுக்கும் கருவி வரவேண்டும் என்று மூன்று கிழமை வைத்திருந்தார்கள். அந்த மூன்று ஞாயிறும் நான் என் சைக்கிளில் போனேன்.

இன்னொன்று, புதிய கிரவல் பைக் பலவற்றில் பிறேக் குழாயைக் கண்ணுக்குத் தெரியாமல் ஹாண்டில் தண்டுக்குள்ளால் இறக்கியிருப்பார்கள். பார்க்க அழகு. ஆனால் கழுத்துப் பெயாரிங் கறள் பிடித்தால், அதை மாற்றப் பிறேக் குழாயையும் கழட்ட வேண்டி வரும். சைக்ளோகிரொஸ்ஸில், பழையவற்றில் குறிப்பாக, தோளில் தூக்க இடைஞ்சல் இல்லாமல் கேபிள்களை மேல் குழாயின் மேற்புறத்தால் வெளியே இழுத்திருப்பார்கள். சேறும் படாது, மாற்றுவதும் கால் மணி நேர வேலை. ஒரே கவனம் கேபிளின் தலை. வளைந்த ஹாண்டில் பிடிக்குப் பேரிக்காய் மாதிரித் தலை வேண்டும். டாம் வீதியில் நான் முதலில் கேட்ட இடங்களில் எடுத்துத் தந்தது உருளைத் தலையுள்ள மௌன்டன் பைக் கேபிள். இப்போது சரியான கேபிள் இரண்டு எப்போதும் வீட்டில் இருக்கும்.

டயர் விஷயத்தில் நான் பட்ட பாடு. பாதுக்கைக்குள்ளே கூர்க்கல் ஒன்று டயரின் பக்கத்தைக் கிழித்துவிட்டது. பக்கத்துக் கடையில் "28" என்று எழுதிய டயர் இருந்தது. சைக்கிள் திருத்துகிற பாஸ் பூட்டிப் பார்த்துவிட்டு, "தம்பி, இருபத்தெட்டுத்தான், ஆனா சில்லில நிக்குதில்லையே" என்றார். நம் ஊர்ச் சாதாரண சைக்கிளின் 28 × 1½ டயருக்கு றிம் விட்டம் 635 மில்லிமீற்றர், என்னுடையது 622. தொளதொளவென்று நின்றது. கடைசியில் அவர் பழைய டியூப் துண்டொன்றைக் கிழிசலுக்கு உள்ளே வைத்துக் காற்றடித்துத் தந்தார், அதோடு வீடு வந்தேன். 28 என்ற எண்ணை நம்பாதீர்கள், டயரின் ஓரத்தில் 622 இருக்கிறதா என்று பாருங்கள். 28 × 1⅝ × 1⅜ என்று இருப்பதும் 622தான், அவசரத்துக்கு அது போதும். கிரவல் பைக்கில் சிலது 584 றிம்மோடு வருகிறது, அதற்கு 27.5 மௌன்டன் டயர் பூட்டலாம், அது அதற்குச் சாதகம்.

பெடல் அச்சு மரை போட்டுப் பூட்டுவதா, அழுத்திச் செருகுவதா என்பதையும் கேட்டு வாங்குங்கள். மரை போட்டது என்றால் சரியான சாவி இருந்தால் எந்த பாஸும் கழட்டுவார். இந்த ஒரு காரணத்துக்காகவே மலிவாக வந்த ஒரு நல்ல சைக்கிளை விட்டேன்.

மறுவிற்பனையில் கிரவல் பைக்குக்குத்தான் இப்போது கிராக்கி, சைக்ளோகிரொஸ் என்றால் என்ன என்று விளக்கித்தான் விற்க வேண்டும். கார்பன் ஃபிறேமும் டியூப் இல்லாத டயரும் நான் ஓட்டிப் பழகாதவை, அவற்றைப் பற்றிப் பேசவில்லை. பையைக் கட்டிக்கொண்டு நாலு நாள் மலைநாடு போகிற எண்ணம் இருந்தால் யோசிக்காமல் கிரவல் பைக்கை எடுங்கள், சைக்ளோகிரொஸ் பலவற்றில் கரியர் பூட்டத் துளையே இராது. மட்காட்டுக்கும் அப்படித்தான், என்னுடையதில் இருந்தது அதிர்ஷ்டம்.

கேபிள் டிஸ்க் உள்ள பாவித்த சைக்கிள் பார்க்கப் போகிறவர்கள் ஒரு போத்தல் தண்ணீர் கொண்டு போங்கள். தகட்டில் ஊற்றிவிட்டு ஒரு சின்ன இறக்கத்தில் பிடித்துப் பாருங்கள். பல மாடல்களில் ஒரு பக்கப் பாட்தான் அசையும், மற்றப் பக்கத்தைக் கையால் திருகி நெருக்க வேண்டும். அந்தத் திருகு கறளில் இறுகியிருந்தால் விலையைக் குறைத்துக் கேளுங்கள், அல்லது விட்டுவிட்டு அடுத்ததைப் பாருங்கள்.