பட்டை பட்டையாக உடையும் மினிடிவி (MiniDV) படம்: கிளீனர் கேசட்டா, ஆல்கஹாலா, வேறு கேமராவா?

பரணில் கிடந்த மினிடிவி கேமராவை, அதாவது சின்ன கேசட்டில் டிஜிட்டலாகப் பதியும் வீடியோ கேமராவை இறக்கி, அக்கா மகளின் காதுகுத்து கேசட்டைப் போட்டால் படம் உடைகிறது, சத்தம் விட்டுவிட்டு வருகிறது. யாரைக் கேட்டாலும் "கிளீனர் கேசட் போடு" என்றார்கள், அதாவது கேமராவின் உள்ளே சுத்தம் செய்யும் கேசட். போட்டேன், ஏழெட்டுத் தடவை. அதுதான் நான் செய்த முட்டாள்தனம்.

முதலில் படம் எப்படி உடைகிறது என்று பாருங்கள். நம்மூர் டிவி முறையான பால் (PAL) முறையில் ஒரு ஃப்ரேம், அதாவது வீடியோவின் ஒரு தனிப்படம், டேப்பில் 12 சாய்வான தடங்களாகப் பதிகிறது. டிரம் என்னும் சுழலும் உருளையில் உள்ள இரண்டு ஹெட்டும் (டேப்பைப் படிக்கும் நுண்ணிய முனைகள்) மாறி மாறித்தான் அவற்றைப் படிக்கும். ஒரு ஹெட்டில் அழுக்கு அடைத்தால் திரையில் ஒன்றுவிட்டு ஒரு பட்டை அப்படியே உறைந்து நிற்கும், மற்றவை நகரும். இப்படி ஒழுங்காக உடைந்தால் பெரும்பாலும் அழுக்குதான். அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கட்டங்கள் சிதறினால் டேப்பையும் சந்தேகப்பட வேண்டும்.

அழுக்குதான் என்றால் கிளீனர் கேசட்டில் தொடங்குவது சரி, பிரித்து மேய வேண்டிய வேலை இல்லை. ஆனால் அது உப்புத்தாள் ஜாதி, அழுக்கோடு ஹெட்டையும் கொஞ்சம் தேய்த்துவிடும். ஒரு தடவைக்குப் பத்து விநாடி போதும், அதை ரீவைண்ட் செய்து மறுபடி ஓட்டவும் கூடாது. இரண்டு மூன்று தடவையில் தெளியவில்லை என்றால் நிறுத்திவிடுங்கள்.

ஐசோபுரோபைல் ஆல்கஹால் இதைவிட நன்றாகச் சுத்தம் செய்யும், கை தவறினால் கேமராவே போய்விடும். பேட்டரியைக் கழற்றிவிட்டு, நூல் பிரியாத துணியில் 99 சதவீத ஆல்கஹாலை நனைத்து டிரம்மின் மேல் அசையாமல் பிடித்துக்கொண்டு, மறு கையால் டிரம்மை மெதுவாகச் சுற்ற வேண்டும். மேலும் கீழுமாகத் தேய்த்தால் ஹெட் உடைந்துவிடும், அவ்வளவு நொறுங்கல் சாமான் அது. காது குடையும் பஞ்சுக்குச்சி வேண்டவே வேண்டாம், பஞ்சு ஹெட்டில் சிக்கும். நன்றாகக் காய்ந்த பிறகே கேசட். கை நடுங்குகிறவர்கள் இந்தப் பக்கம் வராதீர்கள்.

மூன்றாவது வழியை யாரும் சொல்வதில்லை, நான் இப்போது அதைத்தான் முதலில் செய்யச் சொல்வேன். ஒரு புது கேசட்டில் இரண்டு நிமிடம் பதிவு செய்து அதே கேமராவில் ஓட்டிப் பாருங்கள். அது சுத்தமாக ஓடினால் ஹெட்டில் பெரிய அழுக்கு இல்லை, அந்தப் பழைய கேசட்டுக்கும் இந்தக் கேமராவுக்கும்தான் ஒத்துப்போகவில்லை. எல்பி-யில் (LP, டேப்பை மெதுவாக ஓட்டி அதிக நேரம் பதியும் முறை) பதிந்த கேசட்டுகள் இந்த வம்பை அதிகம் செய்யும், ஏனென்றால் சாதாரண வேகமான எஸ்பி-யில் (SP) 10 மைக்ரான் இருக்கும் தடம் எல்பி-யில் 6.67 ஆகச் சுருங்கிவிடும், டேப் ஓடும் பாதை இம்மியளவு விலகினாலும் ஹெட் தடத்தைத் தவறவிடும். அப்போது எவ்வளவு துடைத்தாலும் பிரயோஜனமில்லை, பதிவு செய்த கேமராவையே தேடிப் பிடிக்க வேண்டும், கிடைக்காவிட்டால் கையில் சிக்கும் வேறு கேமராக்களில் போட்டுப் பார்க்கலாம்.

காதுகுத்தை எடுத்தது மாமாவின் கேமரா, அதுவும் எல்பி-யில். சார்ஜர் தேடவே ஒரு வாரம் ஆனது, கேசட்டைப் போட்டதும் ஒரு கோடு இல்லை. அன்றைக்கே ஃபயர்வயர் (FireWire) கேபிள் வழியாகக் கணினியில் ஏற்றிவிட்டேன், மணிக்கு 13 ஜிபி பிடித்தது.