வாங்குவதா, எழுதுவதா? பனியன் கம்பெனிக்கு ஏற்ற மென்பொருள்

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி முதலாளி மென்பொருள் தேடுகிறார் என்று தெரிந்தால் மூன்று பேர் வந்து உட்காருவார்கள். டேலி போன்ற ரெடிமேட் கணக்கு மென்பொருளே போதும் என்பார் ஒருவர். நூல் கொள்முதல் முதல் ஏற்றுமதி வரை எல்லாவற்றையும் ஒரே கட்டமைப்பில் இணைக்கும் ஈஆர்பியைக் காட்டுவார் இன்னொருவர். மூன்றாமவர், "உங்கள் வேலைக்குத் தகுந்தபடி நானே எழுதித் தருகிறேன்" என்பார். மூவரும் விலையில்தான் தொடங்குவார்கள். எந்த வேலைக்காக என்பதே நான் கேட்கும் முதல் கேள்வி.

பில், வரவு செலவு, சம்பளம் ஆகிய அன்றாட நடவடிக்கைகளைப் பதிவு செய்யும் அமைப்பு ஒரு வகை. அந்தப் பதிவுகளைத் திரட்டி, எந்த ஆர்டர் எங்கே நிற்கிறது என்று மேலாளருக்குக் காட்டுவது அடுத்த வகை. இந்த விலைக்கு இந்த ஆர்டரை எடுத்தால் கட்டுப்படியாகுமா என்று கணித்துப் பார்க்க உதவுவது மூன்றாவது. பின்னிரண்டும் முதலாவதை நம்பியே நிற்கின்றன. பதிவு தவறென்றால் அறிக்கையும் தவறு, விலையும் தவறு.

கணக்குக்கும் சம்பளத்துக்கும் வாங்குவதே சரி. இதில் எனக்குத் துளியும் சந்தேகம் இல்லை. 2017 ஜூலை 1 அன்று ஜிஎஸ்டி வந்தபோது பில்லின் வடிவம், வரி விகிதம், தாக்கல் முறை எல்லாம் மாறின. ரெடிமேட் மென்பொருளில் அந்த மாற்றத்தின் சுமையைத் தயாரித்த நிறுவனம் ஏற்கிறது. சொந்த மென்பொருளில் அது முழுக்கக் கம்பெனியின் தலையில் விழுகிறது. இரட்டைப் பதிவுக் கணக்கு எல்லோருக்கும் ஒன்றுதான். அதைப் புதிதாக எழுதிப் பெறுவதற்கு எதுவும் இல்லை.

சாயப்பட்டறைக் கணக்கு அப்படிப்பட்டதல்ல. பின்னிய துணி 100 கிலோ சாயமிடப் போனால் அதே எடையில் திரும்பி வராது. எவ்வளவு குறையும் என்பது துணிக்குத் துணி, நிறத்துக்கு நிறம், பட்டறைக்குப் பட்டறை மாறும். ஒரே ஆர்டரின் துணி நான்கு லாட்டாக, அதாவது நான்கு தொகுதியாகப் போகும். வெவ்வேறு நாட்களில் வெவ்வேறு சலானில் வரும். நிறம் ஒத்துப்போகவில்லை என்று ஒரு லாட் மறுபடியும் போகும். ஜாப் ஒர்க்குக்கு, அதாவது வெளியாரிடம் கூலி வேலைக்கு, அனுப்பிய மூலப்பொருள் ஓராண்டுக்குள் திரும்ப வேண்டும் என்ற ஜிஎஸ்டி விதி வேறு இருக்கிறது. வாங்கிய பொருளை அப்படியே விற்கும் கடைக்காக எழுதப்பட்ட சரக்குக் கணக்கு இதற்கு ஈடுகொடுக்காது. அதனால்தான் நல்ல கணக்கு மென்பொருள் உள்ள கம்பெனியிலும், ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சன்டைசர் தனியாக ஓர் எக்செல் தாள் வைத்திருக்கிறார். அந்தத் தாளை நான் மிகவும் மதிக்கிறேன். கம்பெனிக்கு என்ன தேவை என்பதை அதைவிடத் தெளிவாகச் சொல்லும் ஆவணத்தை நான் பார்த்ததில்லை. ஆனால் அவர் ஒரு வாரம் விடுப்பு எடுத்தால் அந்தத் தாளைப் படிக்க வேறு ஆள் இல்லை.

ஈஆர்பி இதைத் தீர்க்குமா? தீர்க்கும், கம்பெனி தன் பழக்கத்தை மாற்றிக்கொள்ளத் தயாராக இருந்தால். ஜெர்மனியின் லிடில் மளிகை நிறுவனம் சரக்கைக் கொள்முதல் விலையில் மதிப்பிட்டு வந்தது; அது வாங்கிய எஸ்ஏபி என்ற ஈஆர்பி மென்பொருளோ விற்பனை விலையை அடிப்படையாகக் கொண்டது. லிடில் தன் வழக்கத்தை விடாமல் மென்பொருளை மாற்றச் சொன்னது. 2011இல் தொடங்கிய திட்டம் 2018இல் கைவிடப்பட்டது. செலவு சுமார் 50 கோடி யூரோ என்று அந்நாட்டுப் பத்திரிகைகள் எழுதின. வாங்கியதை உடைத்துத் திருத்துவதுதான் எல்லா வழிகளிலும் மோசமானது என்பேன். வாங்கிய செலவும் எழுதிய செலவும் சேர்ந்துவிடும். இரண்டின் பலனும் கிடைக்காது.

சொந்தமாக எழுதுவது என்று முடிவானால், எப்படி எழுதுவது என்பது அடுத்த கேள்வி. எல்லாத் தேவைகளையும் முதலிலேயே எழுதி, கையெழுத்திட்டு, வடிவமைத்து, கடைசியில் ஒப்படைப்பது அருவி முறை. சிறு சிறு பகுதியாக எழுதி, பயன்படுத்துபவர் கையில் கொடுத்து, திருத்திக்கொண்டே போவது அஜைல். விதி முன்கூட்டியே தெளிவாக இருக்கும் வேலைக்கு அருவி முறை நன்றாகவே பொருந்தும். ஆனால் அப்படிப்பட்ட வேலைகளுக்குத்தான் ரெடிமேட் கிடைக்கிறது. எழுத வேண்டியதாக மிஞ்சுவது, யாராலும் முழுமையாகச் சொல்ல முடியாத வேலை.

அமெரிக்காவின் எஃப்பிஐ இதற்குப் பெரிய விலை கொடுத்தது. வழக்குக் கோப்புகளுக்காக எழுதிய மென்பொருளை 17 கோடி டாலர் செலவுக்குப் பிறகு 2005இல் கைவிட்டது. அடுத்து வந்த சென்டினல் திட்டத்திலும், 45.1 கோடி டாலர் ஒதுக்கீட்டில் 40.5 கோடி கரைந்தபோது நான்கு கட்டங்களில் இரண்டுதான் வந்திருந்தன. 2010இல் எஃப்பிஐ வேலையைத் தன் கையில் எடுத்து, சிறு குழுவோடு அஜைல் முறையில் இரண்டு வாரத்துக்கு ஒரு பகுதியாக முடித்தது. 2012 ஜூலையில் மென்பொருள் பயன்பாட்டுக்கு வந்தது.

எந்த வழியானாலும் சீசன் நேரத்தில் மாறக் கூடாது. 11.2 கோடி டாலரில் புதிய அமைப்பை 1999 ஜூலையில் தொடங்கிய ஹெர்ஷே சாக்லேட் நிறுவனம், ஹாலோவீன், கிறிஸ்துமஸ் விற்பனைக்கு வந்த சுமார் 10 கோடி டாலர் ஆர்டர்களை அனுப்ப முடியாமல் தவித்தது. கிடங்கில் சாக்லேட் இருந்தது.

சொந்தமாக எழுதுவதன் பெரிய ஆபத்தை நான் கண்ணால் கண்டிருக்கிறேன். ஒரு கம்பெனியில் மென்பொருள் எழுதிக் கொடுத்த இளைஞர் வேறு ஊருக்குப் போய்விட்டார். மென்பொருளைத் திருத்தத் தேவையான மூல நிரல் அவருடைய மடிக்கணினியில் மட்டுமே இருந்தது. கப்பலுக்கு நாள் குறித்த வாரத்தில் சர்வர் நின்றுபோக, பேக்கிங் பட்டியலை விடிய விடியக் கையால் எழுதினார்கள். சொந்தமாக எழுதுவதை மறுக்க இதைக் காரணமாக்க மாட்டேன். ஒப்பந்தத்தில் மூல நிரல் கம்பெனிக்குச் சொந்தம் என்று எழுதி, மாதந்தோறும் அதன் பிரதியை வாங்கி வைக்க வேண்டும்.

ஆகவே முதலாளிக்கு நான் சொல்வது: கணக்கையும் சம்பளத்தையும் வாங்குங்கள். சாயப்பட்டறைக் கணக்கை மட்டும் எழுதச் சொல்லுங்கள். அதிலும் முதல் பகுதியாக, எந்தப் பட்டறைக்கு எத்தனை கிலோ போனது, எத்தனை கிலோ வந்தது என்ற ஒரே திரை போதும். அதை மெர்ச்சன்டைசர் தன் எக்செல் தாளோடு இரண்டு மாதம் சரிபார்க்கட்டும். அவராகவே தாளை மூடும் நாளில் இரண்டாம் பகுதிக்குப் பணம் கொடுங்கள்.